பூனைத் தெள்ளு மூன்று மாதமாகப் போகவில்லை: ஓட்டு வீடு, நெல் மூட்டை, ஆறு வயதுக் குழந்தை

நாட்டுஓடு
ஜனவரி 4, இரவு 9.40

வணக்கம். எங்கள் ஊர் நன்னிலத்துக்கும் குடவாசலுக்கும் நடுவில். பழைய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, கூடம், கூடத்தை ஒட்டி நெல் போடும் அறை, பின்னால் மாட்டுக் கொட்டகை. பூனை இரண்டு. கருப்பிக்கு மூன்று வயது, மணிக்கு ஒன்று. எலிக்காகத்தான் முதலில் வளர்த்தோம். இப்போது இரண்டும் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி.

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து தெள்ளுப்பூச்சி. முதலில் மகளின் கணுக்காலில் இரண்டும் மூன்றுமாகத் தடிப்பு வந்தது. கொசு என்று நினைத்து வலை கட்டினோம். ஒருநாள் கருப்பி மடியில் படுத்திருந்தபோது அதன் வால் அடியில் மயிரை விலக்கிப் பார்த்தேன். பழுப்பு நிறத்தில், கடுகில் பாதி கூட இல்லாத ஒன்று ஓடி ஒளிந்தது. அன்றைக்குத்தான் விஷயம் புரிந்தது.

பூனைகளைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினோம். நாலு நாளில் மறுபடியும் வந்துவிட்டது. வேப்பிலைத் தண்ணீர் ஊற்றினோம். உப்பைத் தரையில் தூவச் சொன்னார்கள், தூவினோம். இந்த ஈரத்தில் அது மறுநாளே கசிந்து பிசுபிசுப்பானதுதான் மிச்சம். கடைசியாக அரையாண்டு விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னை போனோம். பூனைகளுக்குப் பக்கத்து வீட்டு அக்கா தன் கொல்லையில் சோறு வைத்தார். பத்து நாள் ரத்தமே கிடைக்காவிட்டால் எல்லாம் செத்துவிடும் என்று நம்பினோம். ஜனவரி 2 சாயங்காலம் கதவைத் திறந்து வீட்டுக்காரர் வெள்ளை வேட்டியோடு கூடத்துக்குள் நாலு எட்டு வைத்தார். முழங்கால் வரை கரும்புள்ளி. நான் என் கண்ணால் பார்த்தேன், அத்தனையும் தெள்ளு. போகும்போது இருந்ததைவிட ஐந்து மடங்கு.

மாமியார் பூனைகளை ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார். அவர் மேல் தப்பு இல்லை, பேத்தியின் காலைப் பார்த்து அவருக்கு வயிறு எரிகிறது. எனக்கு மனசு வரவில்லை. யாராவது இதை முழுசாக ஒழித்திருந்தால் சொல்லுங்கள்.


சம்பா45
ஜனவரி 4, இரவு 10.15

வயலுக்கு வாங்கின பூச்சிமருந்து வீட்டில் இருக்குமே. பத்து லிட்டர் டேங்கில் பாதி அளவு கலந்து தரை, சுவர் ஓரம், கொட்டகை எல்லாம் அடித்துவிடுங்கள். ஒரே நாளில் முடிந்துவிடும். என் மச்சான் வீட்டில் அப்படித்தான் செய்தார்கள்.


கொள்ளிடக்கரை
ஜனவரி 4, இரவு 10.52

அக்கா, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. நெல்லுக்கு அடிப்பதில் சைபர்மெத்ரின் மாதிரி மருந்துகள் இருக்கும். அது பூனைக்கு விஷம். அதுவும் குழந்தை வெறுங்காலோடு நடக்கிற தரை.

நான் பட்டதைச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டுப் பூனைக்கு இதே தெள்ளு. ஒரு மருந்துக்கடையில் கேட்டேன். நாய்க்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்து, பூனை சின்னது, பாதி விட்டால் போதும் என்றார்கள். அட்டையில் நாய்ப் படம் மட்டும்தான் இருந்தது. நான் அதை யோசிக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு விட்டேன். எட்டரைக்குக் காது துடிக்க ஆரம்பித்தது. அப்புறம் வாயில் நுரை. பத்து மணிக்கு உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுத்தது. அந்த நேரத்தில் டாக்டர் யாரும் கிடைக்கவில்லை. விடியும்போது போய்விட்டது. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பெர்மெத்ரின் என்று போட்டிருந்தது.

நாயின் ஈரல் அந்த மருந்தை உடைத்து வெளியேற்றிவிடும், பூனையின் ஈரலில் அதற்கு வேண்டிய சக்தி மிகக் குறைவு என்று பிறகு மருத்துவர் சொன்னார். அதனால் பாதி கொடுத்தாலும் கால் பங்கு கொடுத்தாலும் பூனைக்கு ஆபத்துதான். யாருக்காவது தெரியாமல் விட்டுவிட்டால் உடனே பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் வைத்துக் கழுவி, துணியில் சுற்றிச் சூடாக வைத்து மருத்துவரிடம் ஓடுங்கள். பால், எண்ணெய் என்று வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது.


சம்பா45
ஜனவரி 5, காலை 6.20

தம்பி, கோபம் எதற்கு. எனக்கும் தெரியாது. மச்சான் வீட்டில் பூனை இல்லை, மாடுதான். நான் சொன்னதை யாரும் செய்ய வேண்டாம்.


வெட்டாறு
ஜனவரி 5, காலை 11.05

நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலை பார்த்த காலம் முழுக்கத் திருவாரூர், நாகை பக்கம்தான். நாட்டுஓடு அம்மா, உங்கள் வீட்டுக்காரர் வேட்டியில் பார்த்தீர்களே, அதிலேயே உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூனை மேல் தெரிகிற பூச்சி மொத்தத்தில் மிகச் சின்னப் பங்கு. பொதுவாகச் சொல்லும் கணக்கு நூற்றுக்கு ஐந்து. மீதி தொண்ணூற்றைந்தும் முட்டையாக, புழுவாக, கூடாக உங்கள் வீட்டில் கிடக்கிறது. பெண் தெள்ளு பூனையின் ரத்தம் குடித்த ஒன்றிரண்டு நாளில் முட்டையிடத் தொடங்கும். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது வரை போகும். பேன் முட்டை, அதாவது ஈர், மயிரில் ஒட்டிக்கொள்ளும். தெள்ளு முட்டை ஒட்டாது, வழுவழுப்பாக உதிர்ந்துவிடும். பூனை எங்கே படுக்கிறதோ, எங்கே உடம்பை உதறுகிறதோ அங்கெல்லாம் விதைத்துக்கொண்டே போகும். முட்டை பொரிந்து வரும் புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. தரை வெடிப்பு, பாய் மடிப்பு, சாக்கு அடி என்று இருட்டுக்குள் போய்விடும். அதற்குச் சாப்பாடு தாய்த் தெள்ளின் எச்சம். காய்ந்த ரத்தம்தான் அது. கடைசியில் நூல் நூற்றுக் கூடு கட்டும். அந்தக் கூடு பிசுபிசுப்பாக இருப்பதால் தூசியும் மண்ணும் ஒட்டி, கண்ணுக்குத் தூசி உருண்டை மாதிரிதான் தெரியும்.

அந்தக் கூடுதான் சங்கடம். எந்த மருந்தும் அதற்குள் சரியாக இறங்காது. உள்ளே பூச்சி முழுசாக வளர்ந்த பிறகும் வெளியே வர அவசரப்படாது, மாதக்கணக்கில் காத்திருக்கும். காலடி அதிர்வு, உடம்புச் சூடு, நாம் விடும் மூச்சுக் காற்று, இதில் ஏதாவது கிடைத்தால் அந்த நொடியே கூட்டைக் கிழித்துக்கொண்டு குதிக்கும். நீங்கள் பத்து நாள் பூட்டி வைத்தபோது ஒன்றும் பட்டினியில் சாகவில்லை. எல்லாம் கூட்டுக்குள் தயாராகிக் காத்திருந்தன. வீட்டுக்காரர் எடுத்து வைத்த முதல் நாலு எட்டில் அத்தனையும் ஒன்றாக வெளியே வந்துவிட்டன.

நம் ஊரின் ஈரமும் ஒரு காரணம். காற்றில் ஈரம் ஐம்பது சதவீதத்துக்குக் கீழே போனால் தெள்ளுப் புழு காய்ந்து செத்துவிடும். எழுபது, எண்பதில் செழிக்கும். நம் பக்கம் ஐப்பசியிலிருந்து தை வரை எப்போது காய்ந்திருக்கிறது? அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் முட்டை முதல் பூச்சி வரை மூன்று வாரத்தில் முடிந்துவிடும்.

இப்போது முக்கியமான விஷயம். பூனைகளை அக்கரையில் விடாதீர்கள். இரக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பூனை போய்விட்டால் கூட்டிலிருந்து வருகிற பூச்சிக்கு உங்கள் கால்தான் மிச்சம். மருந்து போட்ட பூனை வீட்டுக்குள் நடமாடினால் புதிதாக வெளியே வரும் தெள்ளு அதன் மேல் ஏறும், ஏறியது செத்துப்போகும், முட்டை இடாது. அந்தப் பூனைதான் உங்களுக்குப் பொறி. அதை வெளியே அனுப்பிவிட்டு எதை வைத்துப் பிடிப்பீர்கள்?

மருந்தை மருத்துவரிடம் வாங்குங்கள். பூனைக்கு என்றே வரும் ஃபிப்ரோனில் சொட்டு பழக்கமானது. வேறும் உண்டு, எடையும் வயதும் பார்த்து அவர் சொல்வார். எல்லாப் பூனைக்கும் ஒரே நாளில் போட வேண்டும். மாதம் ஒரு தடவை, குறைந்தது மூன்று மாதம், விடாமல்.


சம்பா45
ஜனவரி 5, மதியம் 1.30

ஐயா, ஃபிப்ரோனில் என்றால் குருத்துப்பூச்சிக்கு நாங்கள் வயலில் போடுகிறோமே, அதுவா?


வெட்டாறு
ஜனவரி 5, மதியம் 2.10

மருந்தின் பெயர் அதேதான். ஆனால் வயலுக்கு வரும் குருணையும் திரவமும் வேறு சேர்மானம். அதில் கலந்திருக்கும் கரைப்பான் தோலுக்கானது இல்லை, பூனை நக்கினால் குடலுக்குள் போகும். பூனைக்கு வருவது அரை மில்லி அளவில் சின்னக் குழாயில் இருக்கும். நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. பெயர் ஒன்றாக இருப்பதைப் பார்த்து வயல் மருந்தைத் தொட்டு வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.


வேப்பமரத்தடி
ஜனவரி 5, மாலை 5.45

எனக்கு வயது 68. எங்கள் காலத்தில் இந்த மருந்தெல்லாம் ஏது? கூடத்தில் நொச்சியும் வேப்பிலையும் போட்டு மூட்டம் போடுவோம். வாரம் ஒரு தடவை தரையைச் சாணம் போட்டு மெழுகுவோம். பாயெல்லாம் மொட்டை வெயிலில் கிடக்கும். தெள்ளு வரும், போகும். இப்படி மூன்று மாதம் யாரும் அவதிப்பட்டதில்லை.


வெட்டாறு
ஜனவரி 5, மாலை 6.30

அம்மா, நீங்கள் சொன்னதில் பாதி இன்றைக்கும் சரி. மெழுகும்போது தரை வெடிப்பு அடைபட்டுவிடும், புழுவுக்கு ஒளிய இடம் இல்லாமல் போகும். வெயில் அதைவிட நல்லது. முப்பத்தைந்து டிகிரி தாண்டிய சூட்டில் புழு தாங்காது. மூட்டம் பறக்கிற பூச்சியை விரட்டும். வெடிப்புக்குள் இருக்கும் கூட்டை அது ஒன்றும் செய்யாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேப்பெண்ணெய், கற்பூரம், யூகலிப்டஸ் தைலம் எதையும் பூனை மேல் தடவ வேண்டாம். நாள் முழுக்க உடம்பை நக்கிக்கொண்டே இருக்கிற பிராணி அது. மேலே தடவுவதெல்லாம் வாய்க்குள் போய்விடும். பூனை நடக்கும் தரையில் ஃபினாயிலும் வேண்டாம்.


மாடிவீடு கும்பகோணம்
ஜனவரி 5, இரவு 8.20

எனக்கு இதே கதை நடந்து ஐந்து மாதம் ஆகிறது. ஒரு சின்ன வேலை சொல்கிறேன். ராத்திரி ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி நாலு சொட்டு பாத்திர சோப்பு விடுங்கள். கூடத்து மூலையில் தரையில் வைத்து, மேலே ஒரு ஜான் உயரத்தில் மேஜை விளக்கை எரிய விடுங்கள், மற்ற விளக்கை அணைத்துவிடுங்கள். சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் குதித்து வந்து தண்ணீரில் விழும். சோப்பு இருப்பதால் மிதக்க முடியாமல் முழுகிவிடும். இதை வைத்து ஒழிக்க முடியாது, எண்ணுவதற்குத்தான். தினமும் காலையில் எண்ணிக் காலண்டரில் எழுதுங்கள். இரண்டாவது வாரத்தில் எண்ணிக்கை ஏறும். அப்போது மருந்து வேலை செய்யவில்லை என்று கைவிட்டுவிடாதீர்கள். நான் ஒரு தடவை கைவிட்டேன், அதனால்தான் எனக்கு ஐந்து மாதம்.


நாட்டுஓடு
ஜனவரி 8, இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. வெட்டாறு ஐயா எழுதியதை மாமியாருக்கு அப்படியே படித்துக் காட்டினேன். "பூனை போனால் பூச்சி நம்மைத்தானே கடிக்கும்" என்று அவரே சொன்னார். அக்கரைப் பேச்சு அத்தோடு நின்றது.

நேற்று இரண்டையும் கூடையில் போட்டு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். தூரம்தான், ஆனால் போனது நல்லது. எடை போட்டு, பிடரியில் தலைக்குக் கீழே மயிரை இரண்டாக வகிர்ந்து, தோல் தெரிகிற இடத்தில் சொட்டு விட்டார்கள். அங்கே விட்டால்தான் நாக்கு எட்டாதாம். இரண்டு நாளைக்குக் குளிப்பாட்டக் கூடாது. மணியின் பின்பக்கம் வெள்ளரி விதை மாதிரி ஒட்டியிருந்தது. நாடாப்புழுத் துண்டாம் அது. தெள்ளை நக்கி விழுங்குவதால் வருவது. அதற்குத் தனியாக மாத்திரை கொடுத்தார்கள்.

கருப்பியின் மயிரிலிருந்து கறுப்புப் பொடியைச் சீப்பில் வாரி, நனைத்த வெள்ளைப் பஞ்சில் வைத்துக் காட்டினார் அந்த மருத்துவப் பெண். அரை நிமிஷத்தில் பொடியைச் சுற்றித் துருநிறத்தில் சிவப்பாக வட்டம் பரவியது. மண்ணாக இருந்தால் பரவாது, இது உங்கள் பூனையின் ரத்தம் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நாள் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தட்டும் விளக்கும் வைத்தாயிற்று. முதல் ராத்திரி 23.


கொள்ளிடக்கரை
ஜனவரி 8, இரவு 9.50

அக்கா, நீங்கள் கூட்டிக்கொண்டு போனது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா.


அரசலாறு
ஜனவரி 12, காலை 7.30

இடையில் ஒரு சந்தேகம். எங்கள் தெருவில் இரண்டு பேருக்கு ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வந்தது. அது இந்தத் தெள்ளினால் வருவதா? வீட்டில் பூனை இருக்கிறது, எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.


வெட்டாறு
ஜனவரி 12, காலை 9.00

இல்லை. ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது புதர், புல்வெளியில் இருக்கும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு. தெள்ளு பரப்பும் டைபஸ் வேறு ஒன்று, பெரும்பாலும் எலித் தெள்ளு, சில நேரம் பூனைத் தெள்ளு. வீட்டில் தெள்ளு இருந்து யாருக்காவது விடாத காய்ச்சலும் தலைவலியும் வந்தால் டாக்டரிடம் தெள்ளு இருப்பதையும் சொல்லிவிடுங்கள். அவர் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொள்வார். இரண்டுக்குமே மருந்து உண்டு.


நாட்டுஓடு
ஜனவரி 29, இரவு 10.05

மூன்று வாரம் ஆயிற்று. தட்டுக் கணக்கு எழுதுகிறேன். பொங்கலன்று 31, மாடிவீடு அக்கா சொன்ன மாதிரியே ஏறியது, அதனால் பயப்படவில்லை. 21ஆம் தேதி 17. சரி, இறங்குகிறது என்று சந்தோஷப்பட்டேன். நேற்று 19, இன்று 20.

தினமும் பெருக்கி, ஈரத்துணியால் சுவர் ஓரம் வரை துடைத்து, குப்பையை அடுப்பில் போடுகிறேன். பூனை படுக்கும் சாக்கை மூன்று நாளுக்கு ஒருமுறை கொதிக்கும் தண்ணீரில் போட்டு வெயிலில் காய வைக்கிறேன். கோரைப்பாய் எல்லாம் தினம் மாடிப்படி மேல். கருப்பியையும் மணியையும் சீப்பால் வாரினால் ஒன்றுமே இல்லை, சுத்தம். அப்புறம் எங்கிருந்து வருகிறது? இன்னும் பத்துப் பதினைந்து நாளில் சம்பா அறுவடை, புது மூட்டை உள்ளே வந்துவிடும். அதற்குள் முடிக்கப் பார்க்கிறேன்.


மாடிவீடு கும்பகோணம்
ஜனவரி 29, இரவு 10.40

தட்டை ஒரே இடத்திலா வைக்கிறீர்கள்? அறை அறையாக மாற்றி வைத்துப் பாருங்கள். எந்த அறையில் அதிகம் விழுகிறதோ அங்கேதான் ஊற்று.


வெட்டாறு
ஜனவரி 30, காலை 6.50

உங்கள் இரண்டும் சுத்தமாக இருந்து பூச்சி குறையவில்லை என்றால் மூன்றாவது பூனை ஒன்று இருக்கிறது. நெல் அறையைப் பாருங்கள். எலியும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் முதலில் பூனையைத் தேடுங்கள்.


நாட்டுஓடு
பிப்ரவரி 2, இரவு 11.20

ஐயா, நீங்கள் எங்கள் வீட்டைப் பார்க்காமலே சொல்லிவிட்டீர்கள்.

வெள்ளி ராத்திரி தட்டை நெல் அறையில் வைத்தோம். காலையில் 58. அறைக்குக் கதவு உண்டு, எப்போதும் சாத்தித்தான் இருக்கும். சனிக்கிழமை வீட்டுக்காரரும் நானும் குறுவை மூட்டை பதினொன்றையும் ஒவ்வொன்றாக வெளியே இறக்கினோம். காலில் பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போனோம். பத்தாயத்துக்குப் பின்னால், சுவர் மூலையில், மேல் மூட்டையில் ஒரு பள்ளம். நாள்பட ஒரு உடம்பு படுத்துப் படுத்து விழுந்த பள்ளம். சாக்கில் வெள்ளையும் செம்பட்டையுமாக மயிர். அதற்கு நேர் மேலே இரண்டு ஓடு நகர்ந்து வானம் தெரிகிறது. மழையில் நகர்ந்த ஓடு. ஐப்பசியில் நகர்ந்தது!

அந்த மூட்டைக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தேன். ரவையும் மிளகுத்தூளும் கலந்து சிந்தின மாதிரி தரை முழுக்க. வெள்ளையாக இருந்தது முட்டை, கறுப்பு அந்த எச்சம். வெளிச்சம் பட்டதும் மெல்லிய வெள்ளை இழைகள் நெளிந்து தரைப் பிளவுக்குள் இறங்கின. அரிசியில் வருகிற புழுவைவிடச் சின்னது. எத்தனை நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. மூன்று மாதமாகத் தேடினது இதுதான்.

ராத்திரி எட்டரைக்கு அந்த ஓட்டு வழியாக ஒரு கடுவன் பூனை இறங்கி வந்தது. இளைத்த உடம்பு, ஒரு காது கிழிந்திருக்கிறது. எங்களைப் பார்த்ததும் ஓடிவிட்டது.


வேப்பமரத்தடி
பிப்ரவரி 3, காலை 6.10

பாவம் மகளே அது. மழைக்கு ஒதுங்க இடம் இல்லாமல் வந்திருக்கும். அதைப் பிடித்து மருந்து போட்டுவிடு, விரட்டாதே. ஓட்டை அடைத்துவிட்டால் வேறு வழி தேடும். தரைப் பிளவை இழைத்து மூடு. புது மூட்டையை மண் தரையில் வைக்காதே, கட்டை போட்டு அதன் மேல் அடுக்கு.


வெட்டாறு
பிப்ரவரி 3, காலை 8.15

அம்மா சொன்னதை அப்படியே செய்யுங்கள். பழைய சாக்கைக் கொளுத்திவிடுங்கள், நெல்லைப் பாயில் கொட்டி இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டுப் புதுச் சாக்கில் கட்டுங்கள். தரையில் கொதிநீர் ஊற்றிக் காய விட்டு, பிறகு பூசுங்கள். கடுவனுக்குச் சோறு வைத்துப் பழக்குங்கள், ஒரு வாரம் போதும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பிடரியில் சொட்டு விடுவது ஒரு நொடி வேலை. எடையை மட்டும் மருத்துவரிடம் உத்தேசமாகச் சொல்லி மருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.


நாட்டுஓடு
பிப்ரவரி 13, இரவு 9.30

கடுவனுக்குப் பழைய சோறும் கெண்டைக் கருவாடும். முதல் நாலு நாள் நாங்கள் உள்ளே போன பிறகுதான் சாப்பிட்டது. நேற்று என் கை அதன் முதுகில் பட்டும் தலையைத் தூக்கவில்லை. இன்று சாயங்காலம் மருந்து விட்டாயிற்று. அதே நாளில் கருப்பிக்கும் மணிக்கும் இரண்டாவது சொட்டு. ஆறு நாள் தள்ளிப் போட்டுக்கொள்ளலாமா என்று கல்லூரியில் போனில் கேட்டோம், மூன்றுக்கும் சேர்த்தே போடுங்கள் என்றார்கள்.

நெல் அறைத் தரையை உடைத்துக் கல்லை எடுத்துவிட்டுச் சிமெண்டு போட்டுவிட்டோம். ஓடு மாற்றியாயிற்று. கடுவனுக்குத் திண்ணையில் ஒரு சாக்கு.

தட்டு: நெல் அறை 14, கூடம் 6.


அரசலாறு
மார்ச் 1, மாலை 4.00

அக்கா, எங்கள் வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கிறது. நாலு குட்டி, மூன்று வாரம். தெள்ளு தெரிகிறது. இவற்றுக்கும் அதே சொட்டு விடலாமா?


வெட்டாறு
மார்ச் 1, மாலை 5.20

நாட்டுஓடு அம்மாவிடம் கேட்டதற்கு நான் முந்திக்கொள்கிறேன், அவசரம் இருக்கிறது. விடக் கூடாது. ஃபிப்ரோனில் சொட்டு எட்டு வாரத்துக்கு முன் வேண்டாம். பேன் சீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர். ஒவ்வொரு குட்டியாக மடியில் வைத்து, கழுத்திலிருந்து வால் வரை வாருங்கள், சீப்பில் மாட்டுவதைக் கிண்ணத்தில் முக்குங்கள். காலையும் மாலையும். தாய்க்கு என்ன போடலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள், பால் கொடுக்கிறது என்று மறக்காமல் சொல்லுங்கள். படுக்கைத் துணியைத் தினம் மாற்றுங்கள்.

இப்போதே ஒவ்வொரு குட்டியின் உதட்டைத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்து இருந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். கையளவு உடம்பில் இருக்கும் ரத்தம் கொஞ்சம்தான், தெள்ளு குடித்தே குட்டி செத்துப்போகும்.


அரசலாறு
மார்ச் 1, மாலை 5.45

மூன்று சிவப்பு. ஒன்று வெளுப்பாக இருக்கிறது ஐயா. சரியாகப் பால் குடிப்பதும் இல்லை. கிளம்புகிறேன்.


அரசலாறு
மார்ச் 2, காலை 7.10

ராத்திரி சீப்பால் வாரினதில் அந்த ஒரு குட்டியிலிருந்து மட்டும் நாற்பதுக்கு மேல். மருத்துவர் இரும்புச்சத்து மருந்து கொடுத்திருக்கிறார், வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். காலையில் மற்றதைத் தள்ளிவிட்டுப் பால் குடித்தது.


நாட்டுஓடு
மார்ச் 2, காலை 7.40

படித்ததும் உயிர் வந்தது. அதற்கு ஒரு பேர் வையுங்கள்.


நாட்டுஓடு
ஏப்ரல் 6, இரவு 8.50

புதிதாக இந்தப் பக்கம் வந்து மேலே இருப்பதை எல்லாம் படிப்பவர்களுக்காகத் தேதியோடு எழுதுகிறேன். பிப்ரவரி 26 கூடம் 3, நெல் அறை 5. மார்ச் 13 மூன்றாவது சொட்டு. கடுவனுக்கு அது இரண்டாவது. மார்ச் 20 இரண்டு அறையிலும் சேர்த்து 1. மார்ச் 24இலிருந்து இன்று வரை தட்டில் கொசுவும் ஈசலும்தான். நெல் அறையைக் கண்டுபிடித்ததிலிருந்து எண்ணினாலும் ஏழு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. நடுவில் ஒரு வாரம் விட்டிருந்தால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும்.

பரணில் இருந்த பழைய மெத்தையைப் போன வாரம் இறக்கினோம். கூடு ஏதாவது மிச்சம் இருந்தால் அதிர்வில் வெளியே வரட்டும் என்று முற்றத்து வெயிலில் போட்டுக் கம்பால் அடித்தோம். ஒன்றும் வரவில்லை. மகள் வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு நெல் அறையில் பத்து நிமிஷம் நின்றாள், அவளேதான் கேட்டாள். காலுறையில் ஒரு புள்ளி இல்லை. கணுக்கால் தடிப்பு ஆறித் தழும்பு மட்டும் இருக்கிறது, கலமைன் தடவுகிறோம்.

கடுவன் இப்போது திண்ணையைவிட்டு நகர்வதில்லை. ஏப்ரல் 13 அதற்கு மூன்றாவது சொட்டு. மற்ற இரண்டுக்கும் அன்றைக்கே போடப்போகிறோம், வரும் ஐப்பசி மழைக்கு முன் நிறுத்துவதாக இல்லை. கருவாடு வாங்கி வருவது இப்போது மாமியார்தான்.


மாடிவீடு கும்பகோணம்
ஏப்ரல் 6, இரவு 9.25

அரசலாறு தம்பி, குட்டி எப்படி இருக்கிறது?


அரசலாறு
ஏப்ரல் 7, காலை 6.35

எட்டு வாரம் ஆகிவிட்டது அக்கா. 600 கிராம் இருக்கிறது, நாலில் அதுதான் கனம். திங்கள் காலை முதல் சொட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.